ஏசி அடைத்த சுவர்

பக்கத்து வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் போதும், நீலாயதாட்சி எழுந்துபோய் ஏசியைப் போட்டுவிடுவாள். அவளுக்கு வியர்க்கிறதா, குளிர்கிறதா என்பதெல்லாம் வேறு விஷயம். மார்கழியிலும் போடுவாள். மழை கொட்டும்போதும் போடுவாள்.

அது சுவரில் ஓட்டை போட்டுச் செருகிய பழைய ஜன்னல் ஏசி. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில், சனிபகவானைப் பார்க்க வந்த ஜனங்களையெல்லாம் குளிரவைத்துக் களைத்துப்போய், இனி உதவாது என்று கழித்துப் போடப்பட்ட பெட்டி. உடம்பெல்லாம் துரு. கடற்காற்று மிச்சத்தையும் தின்றுகொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டினால் முதலில் ஓர் இருமல், பிறகு ஓர் உறுமல். முன்பக்கம் கொஞ்சம் குளிர் வரும். பின்பக்கம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த குறுகலான சந்தைத் தாண்டி, கொழுந்தன் அறிவுச்செல்வன் உட்கார்ந்து சாப்பிடும் ஜன்னலில் நெருப்பு மூச்சாக அடிக்கும்.

"சனியன் புடிச்ச பெட்டி! ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியுதா? அந்த ஜன்னலச் சாத்துடி!"

அந்தக் குரல் கேட்ட பிறகுதான் நீலாயதாட்சி தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொள்வாள். ஏழு வருஷமாக அவளுக்கு ஊறுகாய் அதுதான்.

இவ்வளவு வெறுப்பை ஒரு பெண் எங்கிருந்து சேர்த்தாள்? பிறக்கும்போது கொண்டுவந்தது இல்லை. திருநள்ளாற்றுக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் பிறந்தவள். நாற்றுக்கட்டு சுமந்த கையோடு படித்து, அரசுப் பள்ளி ஒன்றில் எழுத்தர் வேலை வாங்கியவள். காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளைப் போல அமைதியான மருமகள் இந்தத் தெருவிலேயே இல்லை என்று பெயர். புருஷன் உத்திராபதி மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதர், தன் வீட்டில் ஒரு மின்விசிறிக்கு மேல் ஆசைப்பட்டதில்லை. அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: வாசற்கதவு. தேக்கு வேண்டும், அதில் தாமரை செதுக்கியிருக்க வேண்டும் என்று மரக்கடை மரக்கடையாக அலைந்து, ஆசாரியைப் பாடாய்ப் படுத்திப் பூட்டிய கதவு. "இந்தக் கதவு வழியா உள்ள வந்தா ராஜா மாதிரி இருக்கணும் தாட்சி, வெளியில போனாலும் ராஜா மாதிரி போகணும்" என்பார்.

அவருடைய தம்பிதான் அறிவுச்செல்வன். மூத்த பிள்ளை பிறந்தபோது கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த அப்பா, இளையவன் பிறந்த சமயத்தில் பொதுக்கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தார். அதனால் வந்த பெயர். பெயர்தான் அப்படி. ஆள் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் முடிவெட்டிக்கொள்ள மாட்டார். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து மனையிலேயே வீடு கட்டி, அண்ணி அண்ணி என்று சுற்றி வந்து, அவள் கையால் எத்தனையோ வருஷம் சாப்பிட்டவர். அந்த வாய்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவளைக் கொன்றது.

அதற்கு வருகிறேன். முதலில் வீட்டு விஷயம்.

நீலாயதாட்சி ஓய்வு பெற்றுவிட்டாள். மகள் கவியா புதுச்சேரியில் இருந்தாள், மாசமாக இருந்தாள். "எங்கூட வந்துடும்மா" என்று அழுதாள். நீலாயதாட்சிக்கும் முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். செய்தி காதில் விழுந்த அன்றே அறிவுச்செல்வன் தரகர் நூர் அகமதுவைக் கூப்பிட்டு, "என் மகனுக்கு நானே வாங்கிக்கறேன். அடைப்புச் சாவு விழுந்த வீடு. வேற எவன் வாங்குவான்? பாதி வெலைக்குக் குடுக்கச் சொல்லு" என்றாராம்.

"அவனுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா நானே கொளுத்திட்டுப் போயிடுவேன், போய்ச் சொல்லுங்க" என்றாள் நீலாயதாட்சி.

நூர் அகமது நல்ல மனிதர். அவளை அக்காவாக நினைத்து 'லாத்தா' என்றுதான் கூப்பிடுவார். தலையைச் சொறிந்துகொண்டு ஏசி இருந்த அறைக்குள் நின்றார். வீடு முழுவதும் பூசி வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. அந்த ஒரு சுவர் மட்டும் அசிங்கமாக நின்றது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூசாத செங்கல் பல்லைக் காட்டியது. அதற்கு மேலே பலகை. பலகைக்கு நடுவே அந்த ஏசி.

"லாத்தா, கோவிச்சுக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் மொதல்ல இதத்தான் பாக்குறாங்க. பழைய ஏசி, பூசாத செவுரு. இது என்னா, ஏன் இப்படின்னு கேக்குறாங்க. நான் முழிக்கிறேன். அதுக்குள்ள ஒங்க கொழுந்தனாரு வாசல்ல நின்னு விளக்கம் குடுத்துடுறாரு. புதுசா ஒரு ஸ்ப்ளிட் ஏசி வாங்கி அந்தப் பக்கச் செவுத்துல மாட்டிருவோம். இதக் கழட்டி, ஓட்டைய அடைச்சு, பூசி, வெள்ளையடிச்சிட்டா ஒரு பயலுக்கும் ஒண்ணும் தெரியாது."

"ஒரு பயலுக்கும் தெரியாம மறைக்கறதுக்கு நான் என்ன கொலையா பண்ணேன்?"

"எங்க பக்கம் இந்த நட்சத்திரமெல்லாம் கெடையாது லாத்தா. ஆனா நான் கூட்டிட்டு வர்றவங்களுக்கு இருக்கே!"

மகளும் போனில் அதையே பாடினாள். "ஒரு ஏசிதானம்மா! மாத்தித் தொலையேன். மாத்தினா வீடு வித்துடும். சித்தப்பாகிட்ட சண்ட போட்டே சாகப்போறியா?"

"சாவேன்டி. ஆனா வாசல் வழியாப் போவேன்."

மகளுக்குத் தெரியும் அம்மா எதைச் சொல்கிறாள் என்று.

ஏசியை மாற்றினால் ஓட்டையை அடைக்க வேண்டும். ஓட்டையை அடைத்தால் அறிவுச்செல்வன் ஜெயித்துவிடுவார். ஏழு வருஷமாக அவர் கேட்பது அதைத்தானே! "நானே புது ஏசி வாங்கித் தர்றேன், அந்தச் செவுர மூடித் தொல" என்று ஆள் விட்டுக்கூடச் சொல்லிப் பார்த்தார். அவர் செய்த காரியத்தின் அடையாளம் அந்த ஓட்டை. அதை மறைக்க அவளே காசு கொடுத்து, அவளே சுண்ணாம்பு அடிப்பதா? மாற்றாமல் விட்டால் வீடு விற்காது, காலம் முழுக்க அந்த மனிதனின் குரலைக் கேட்டுக்கொண்டு இங்கேயே கிடக்க வேண்டும். இந்தப் பக்கம் போனாலும் முள், அந்தப் பக்கம் போனாலும் முள்.

ஐயோ, அந்த மத்தியானம்!

உத்திராபதி பக்கவாதத்தில் படுத்து மாதக்கணக்காகியிருந்தது. அன்று பள்ளிவாசலில் மத்தியான பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் கையிலிருந்த கரண்டிக் கஞ்சியை வாங்காமலேயே அவர் மூச்சு நின்றுபோனது. கஷ்டப்படவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே போனார்.

நீலாயதாட்சி அழவில்லை. கண்ணை மூடிவிட்டாள். புடவை ஓரத்தைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். தலையைச் சீவிவிட்டாள். பிறகு அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் அழவில்லை? ஒரு தடவை அலறிவிட்டால் அவர் ஊருக்குச் சொந்தமாகிவிடுவார். தம்பி வருவான், தெரு வரும், பந்தல் வரும், பறை வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நாத்தனார்கள், மாமனார், விருந்தாளிகள், கரண்ட் போய்விட்டது என்று கதவைத் தட்டும் ஜனங்கள். புருஷனோடு தனியாக ஒரு மத்தியானம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. அந்த ஒரு மத்தியானத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. விளக்கு வைக்கும் நேரம் வந்ததும், இனி இவரை வைத்துக்கொள்ள முடியாது என்று புரிந்து, வாசலுக்கு ஓடி நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள்.

எங்கள் பக்கத்தில் சாவுக்கு நேரம் குறிப்பது கடிகாரம் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணின் முதல் அலறல்தான்.

அறிவுச்செல்வன் ஓடி வந்தார். அண்ணன் காலில் விழுந்து அழுதார், பொய்யில்லை. அழுது முடித்ததும் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முகம் வெளுத்தது. மத்தியானம் வரைக்கும் திருவோணம். அது குற்றமில்லாத நட்சத்திரம். சாயங்காலத்துக்கு முன்னாலேயே அவிட்டம் பிறந்துவிட்டது. அவிட்டத்தில் சாவு விழுந்தால் அடைப்பு. அறையை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. எடுத்தால் குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு விழும் என்ற பயம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இன்னும் போகவில்லை. சுவரை உடைத்து, அந்த வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

"இல்ல தம்பி, இல்ல! அவரு மத்தியானமே போயிட்டாரு. பாங்கு சொல்றப்பவே போயிட்டாரு. அவிட்டம் இல்ல!" என்று நீலாயதாட்சி கத்தினாள்.

கூடம் முழுவதும் ஜனம். அறிவுச்செல்வன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஏன் அழல?"

என்னவென்று சொல்வாள், அத்தனை பேருக்கு நடுவில்?

"மத்தியானம் போன உசுருக்கு விளக்கு வச்சா அழுவ? பொணத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு அழாம குந்தியிருந்தியா? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

அதுவரை 'நீங்க' தவிர வேறு வார்த்தை சொல்லாத வாய். கூட்டத்தில் யாரோ 'ச்சீ' என்றார்கள். அந்த 'ச்சீ' இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது. ஆட்கள் தயங்கி நின்றபோது அறிவுச்செல்வனே கடப்பாரையைத் தூக்கினார். ஜன்னலைப் பெயர்த்தார். அதற்குக் கீழே இருந்த சுவரையும் இடித்தார். வாசலில் தாமரைக் கதவு திறந்தபடி நிற்க, அதைச் செய்த மனிதரைக் குப்பை போல ஓட்டை வழியாகச் சந்தில் இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அறையை அவள் பூட்டவில்லை. பூட்டினால் அவிட்டம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதிலேயே படுத்துக்கொண்டாள். கொத்தனார் சுவரை இடுப்பு வரை எழுப்பியதும் "போதும், நிறுத்து" என்றாள். மிச்ச ஓட்டையில்தான் லாட்ஜிலிருந்து வாங்கி வந்த அந்தப் பெட்டியைச் செருகினாள். உறுமு, நன்றாக உறுமு என்று அதனிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தாள்.

வீடு பார்க்க வந்த முதல் குடும்பம் வாசலோடு போய்விட்டது. அடுத்த குடும்பம் காபி குடித்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவதாக வந்தவள் தமிழ்மொழி. பள்ளிக்கூட டீச்சர். புருஷனுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளைக் கவனிக்கும் வேலை, அவனால் வர முடியவில்லை. அவள் கதவைத் தடவிப் பார்த்தாள். "யாரு செஞ்ச தாமர இது? எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். நீலாயதாட்சி தானே அவளை உள்ளே கூட்டிப் போனாள்.

அறைக்குள் வந்ததும் டீச்சரின் கண் அந்தச் சுவரில் நின்றது. அதே சமயம் வெளியே மதில்மேல் கையூன்றிக்கொண்டு அறிவுச்செல்வன் குரல் கொடுத்தார்.

"வாங்க டீச்சர். வீடு பாக்க வந்தீங்களா? பாருங்க, பாருங்க. ஏசியப் பாத்துட்டீங்களா? அதக் கழட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. ஓட்டையோட அகலத்தப் பாத்தா ஒங்களுக்கே வெளங்கும்."

நூர் அகமது நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், ஒங்களுக்குச் சாப்பாடு எறங்கலையா?"

"எப்படி எறங்கும் பாய்? ஏழு வருஷமா எறங்கல!"

தமிழ்மொழி அவர் பக்கம் திரும்பவில்லை. நீலாயதாட்சியைப் பார்த்தாள். "அம்மா, எனக்கு வீடு புடிச்சிருக்கு. ஏசி பழசுன்னா அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா இந்தச் செவுத்துல என்ன இருக்குன்னு நீங்க வாயால சொல்லுங்க. அவரு சொல்லி நான் தெரிஞ்சுக்க வேணாம்."

ஏழு வருஷத்தில் அவளிடம் 'நீங்க சொல்லுங்க' என்று கேட்ட முதல் ஆள்.

நீலாயதாட்சி ஏசியைப் பார்த்தாள். மாற்றி மறைப்பதா, மாற்றாமல் முறைப்பதா என்று இத்தனை நாள் மனசு போட்ட சண்டை சட்டென்று நின்றது. மறைக்கவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். திறந்துவிடலாம்.

"நூரு பாய், ஏசி மெக்கானிக்க இப்பவே வரச் சொல்லுங்க."

"புதுசு வாங்கவா லாத்தா?"

"இதக் கழட்ட."

மெக்கானிக் நவநீதன் வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவன் பெட்டியை அசைத்துப் பார்த்து, "துருவே இதப் புடிச்சு நிறுத்தியிருக்குக்கா. இவ்வளவு நாள் ஓடினதே அதிசயம்" என்றான். ஒரு முனகலோடு பெட்டி வெளியே வந்தது. துருப்பொடி தரையெல்லாம் சிந்தியது. ஏழு வருஷமாக வெளிச்சம் பார்க்காத சுவர் வழியே வெயில் அறைக்குள் விழுந்தது.

எதிர் ஜன்னலின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. அறிவுச்செல்வன் ஜன்னலைத் திறந்தார். சோற்றுக் கையோடு நின்றார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

"கழட்டியாச்சா? காத்து வருதுடி குஞ்சம்மா, காத்து! டீச்சர், பாத்துக்கிட்டீங்களா? எங்கண்ணன் பொணம் போன வழி இதான். அவிட்டத்துச் சாவு. ஆறு மாசம் பூட்ட வேண்டிய ரூம ஒரு நாள்கூடப் பூட்டல இந்தம்மா. தைரியம் இருந்தா வாங்கிக்கங்க."

நீலாயதாட்சி ஓட்டைக்கு நேராகப் போய் நின்றாள். நடுவில் ஒரு சந்து அகலம்தான். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. கிழடு தட்டியிருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"கொழுந்தனாரே, ஒங்கப்பா ஒங்களுக்கு வச்ச பேர நெனச்சா எனக்குச் சிரிப்புதான் வருது. டீச்சர், கேட்டுக்கங்க. என் புருஷன் திருவோணத்துல போனாரு. மத்தியான பாங்கு சொல்றப்ப போனாரு. சாயங்காலம் வரைக்கும் அவரு கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அழுதா இவங்கள்லாம் வந்துடுவாங்கன்னு அழல. எனக்கு அவர விட மனசில்ல. அதுதான் நான் பண்ண தப்பு."

"கதை!" அறிவுச்செல்வன் கையை உதறினார். சோற்றுப் பருக்கைகள் சந்தில் விழுந்தன. "ஏழு வருஷமா இந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. யாரு பாத்தா? சாட்சி எங்க? புருஷன் செத்ததுக்கு அழ மனசு வராத பொம்பள சொல்றத நம்பணுமா?"

"நான் பாத்தேன்."

குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. குஞ்சம்மா. அவர் மனைவி. ஏழு வருஷமாக அந்த நெருப்புக் காற்றில் அவருக்குப் பரிமாறி, அவர் சாப்பிட்ட பிறகு அதே வெக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டவள். கையில் குழம்புக் கரண்டி இருந்தது.

"என்னாடி பாத்த?"

"அன்னைக்கு மாமாவுக்கு ரசம் எடுத்துக்கிட்டுச் சந்து வழியா வந்தேன். அந்த ஓட்டை எடத்துல அப்ப இருந்த ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். மாமாவுக்குத் தாடை கட்டியிருந்துச்சு. கால் கட்டவெரல் ரெண்டும் கட்டியிருந்துச்சு. அக்கா அவருக்குத் தல சீவிக்கிட்டிருந்தாங்க. பாங்கு அப்பத்தான் முடிஞ்சுது."

நீலாயதாட்சி உடைந்த சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதலில் போட்ட அந்தக் கட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜனம் வருவதற்கு முன்னால் அவிழ்த்து, வேறு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தாள். "நான் என்ன துணியில கட்டியிருந்தேன்?" என்று கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"மாம்பழக் கலர் பொடவ. ஓரத்தக் கிழிச்சிருந்தீங்க."

எதிர் ஜன்னலில் இருந்த மனிதர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டார். கேள்வியில் பழைய காரம் இல்லை.

"எப்படிச் சொல்றது? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க கடப்பாரையத் தூக்கிட்டீங்க. அதுவுமில்லாம அக்காவப் பாத்து என்ன கேட்டீங்க? பாத்துட்டு அழாம வந்தவ நானுந்தான். என்னையும் அதே கேள்வி கேப்பீங்கன்னு பயந்துட்டேன். நீங்க எல்லாரு மூஞ்சிலயும் ஜன்னலச் சாத்துறவராச்சே."

"ஏழு வருஷம் குஞ்சு" என்றாள் நீலாயதாட்சி. "ஏழு வருஷம் பாத்துக்கிட்டுச் சோறு தின்னியா?"

குஞ்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "திங்கலக்கா. முழுங்கினேன்."

மன்னிக்க வேண்டிய இடம் இதுதான் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நீலாயதாட்சிக்கு அன்று மனசில் ஈரம் சுரக்கவில்லை. தன் பக்கம் ஒரு சாட்சி நிற்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வந்தது ஆறுதல் இல்லை, இன்னும் பெரிய கோபம். இந்த ஒரு வார்த்தை அன்றைக்கே வந்திருந்தால் அவர் வாசல் வழியாகப் போயிருப்பாரே!

தமிழ்மொழி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, எனக்கு வீடு வேணும். பேசின வெலைக்கே வாங்கிக்கறேன். புது ஏசியெல்லாம் நீங்க வாங்க வேணாம், நாங்க வந்து எங்களுக்குப் புடிச்ச எடத்துல மாட்டிக்கறோம். இந்தச் செவுர மட்டும் மூடிக் குடுத்துடுங்க."

"மூடித் தர்றேன் டீச்சர்." நீலாயதாட்சியின் கண் எதிர் ஜன்னலை விட்டு அசையவில்லை. "ஆனா எங்கையால இல்ல. ஒடச்ச கைதான் மூடணும்."

"என்ன?" என்றார் அறிவுச்செல்வன்.

"காதுல விழுந்துச்சுல்ல? கொத்தனார் கலவை போட்டுக் குடுப்பாரு. கல்ல நீங்க வைக்கணும். அந்தச் சந்துல நின்னு, தெரு பாக்க. இல்லன்னா இந்த வீடு விக்காது. நானும் போகமாட்டேன். நவநீதன் அந்தப் பெட்டிய மறுபடியும் இஞ்சயே மாட்டிடுவாரு."

"மாட்டுறதா?" நவநீதன் பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"பைத்தியம் புடிச்சிருக்கு இந்தம்மாவுக்கு! நான் கல் வைக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்து?" அறிவுச்செல்வன் ஜன்னலைச் சாத்தக் கையை எடுத்தார். குஞ்சம்மா ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வைக்கலன்னா நான் போய் வைப்பேன். ஏன் வைக்கிறேன்னு கேக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன்."

மறுநாள் காலையில் சந்தில் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனார் பலகைகளைப் பெயர்த்து எடுத்து, கலவை குழைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். தெருவில் பாதிப் பேருக்கு அன்று அந்தப் பக்கமாக ஏதோ வேலை இருந்தது. அறிவுச்செல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கலவை அள்ளும் கரணையைப் பிடிக்கத் தெரியவில்லை. கலவை வேட்டியில் சிந்தியது.

உள்ளே, புருஷன் கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு நீலாயதாட்சி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கல்லு சாயுது. எடுத்து வைங்க."

எடுத்து வைத்தார்.

"ஒடைக்கறப்ப கை இவ்வளவு நடுங்கலையே? எல்லாரும் பாத்தாங்களே."

கல்மேல் கல் ஏறியது. முதலில் அவர் வயிறு மறைந்தது. நெஞ்சு மறைந்தது. கடைசியில் ஒரு கல் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. அந்தச் சதுரத்தில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. சிவந்திருந்தன. கலவையின் காரமோ, வேறு எதுவோ, யார் கண்டது?

அவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வைக்கவில்லை.

"அண்ணி" என்றார்.

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவள் கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் அந்த வார்த்தை கேட்டால் இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டவள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"அண்ணி... எங்கண்ணன்..."

"கல்ல வைங்க" என்றாள் நீலாயதாட்சி.

கல் வந்து உட்கார்ந்தது. அறை இருண்டது. அவள் எழுந்தாள். முழங்கால் வலித்தது. கூடத்தைத் தாண்டி நடந்து, தாமரைக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். சுவரிலிருந்து கழற்றியிருந்த புருஷன் படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேர்ந்திருந்த தெருவே பார்க்க, அந்த வாசல் வழியாக மெதுவாக வெளியே வந்தாள்.